தமல்பாயிஸ் மலையும் மிதிவண்டித் தடங்களும்

மிதிவண்டிக்குப் பகைவர் இருக்கக்கூடும் என்று நெடுங்காலம் நான் எண்ணியதில்லை. வாடகைக் கடையில் மணிக்கணக்குப் பேசி எடுத்த சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டு, முழங்கால் சிராய்ப்போடு வீடு திரும்பிய தலைமுறை என்னுடையது. பால்காரருக்கும் அஞ்சல்காரருக்கும் உபதேசியாருக்கும் அதுவே ஊர்தி. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தறிவோடு சேர்த்து மிதிவண்டி ஓட்டவும் கிராமப் பெண்கள் ஆயிரக்கணக்கில் கற்றுக்கொண்டார்கள். கல்குவாரிகளில் உழைத்த பெண்கள் மிதிவண்டியில் ஊர்வலம் வந்த காட்சியைக் கண்டவர்கள் அதை இன்றும் மறக்கவில்லை. புகை கக்காது, ஓசை எழுப்பாது, ஏழைக்கு எட்டும் விலை. இதனை எதிர்த்து ஒருவர் வாய் திறப்பாரெனில் அவர் செல்வராகவோ ஆணவம் மிக்கவராகவோதான் இருக்கவேண்டும் என்பது நம் போன்றோரின் முடிவு.

ஆகவே, அமெரிக்க நாட்டின் மேற்குக் கரையில், காட்டை உயிரென நேசிக்கும் மக்களே "இக்காட்டுக்குள் மிதிவண்டித் தடம் வேண்டா" என்று நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக வழக்காடி வருகிறார்கள் என்று படித்தபோது எனக்கு வியப்பைவிட எரிச்சலே மிகுந்தது. அந்த எரிச்சல் எவ்வாறு சிறிது சிறிதாகக் கரைந்தது என்பதைச் சொல்வதற்கு, அம்மலையின் வரலாற்றைத் தொடக்கத்திலிருந்தே சொல்லவேண்டும்.

சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வடக்கே, 'தங்க வாயில்' எனப்படும் கடற்கழியைத் தாண்டினால் மரின் மாவட்டம். அதன் நடுவே ஏறத்தாழ 2,570 அடி உயரத்தில் எழுந்து நிற்பது தமல்பாயிஸ் மலை. பெயரைக் கேட்டவுடன் நம்மவருள் சிலருக்குக் காது நிமிரும். 'தமிழ்' என்னும் சொல்லோடு இதற்கு உறவு கற்பிக்க முயலவேண்டா. அது அங்குத் தொன்றுதொட்டு வாழ்ந்த கரையோர மீவோக் பழங்குடியினரின் சொல். 'தமல்' என்றால் மேற்கு, 'பாயிஸ்' என்றால் மலை. மேற்கு மலை, அவ்வளவே. நாம் உரிமை கொண்டாட வேறு பல பெருமைகள் உள.

அம்மக்களின் கதையில் நம் திருச்சபைக்கும் பங்குண்டு. சான் பிரான்சிஸ்கோவில் இருந்த பிரான்சிஸ்கன் மறைபரப்பு மையத்தில் குளிராலும் மூடுபனியாலும் நோயாலும் பழங்குடி மக்கள் மடிந்துகொண்டிருந்தனர். வெயில் படும் இடத்தில் அவர்களைக் குணப்படுத்தலாம் என்று கருதி 1817-ஆம் ஆண்டு டிசம்பர் 14-இல் கழியின் வடகரையில் ஒரு கிளை நிலையம் அமைக்கப்பட்டது. நலம் தரும் அதிதூதரான புனித இரபேலின் பெயர் அதற்கு இடப்பட்டது. நோக்கம் நல்லதே. ஆனால் அதே காலத்தில் மலையும் காடும் தம் மக்களை இழந்தன. காலமறிந்து புதருக்குத் தீயிட்டுப் புல்வெளியைப் பேணியவர்கள், கருவாலிக் கொட்டையைத் திரட்டி மாவாக்கி உண்டவர்கள், மறைபரப்பு மையத்தின் சுற்றுச்சுவருக்குள் வந்து, ஐரோப்பியர் கொணர்ந்த கொள்ளை நோய்களுக்குப் பெருந்தொகையில் இரையானார்கள். 1801-இல் திருமுழுக்குப் பெற்று 'மரினோ' என்று அழைக்கப்பட்ட மீவோக் தலைவர் ஒருவரின் பெயரே பின்னர் அம்மாவட்டத்துக்கு நிலைத்தது. 'மனிதன் கால் படாத காடு' என்று பிற்காலத்தார் புகழ்ந்தது உண்மையில் மனிதர் வெளியேற்றப்பட்ட காடு. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நேர்மை.

அதன்பின் வந்தவை மாட்டுப் பண்ணைகளும் மரம் வெட்டுவோரும். அம்மலைப் பள்ளத்தாக்குகளில் ஓங்கி வளர்ந்திருந்த ரெட்வுட் மரங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாய்ந்து நகரத்து வீடுகளாயின. (நம் ஆந்திர எல்லைச் செம்மரத்தோடு இதனைக் குழப்பிக்கொள்ளலாகாது, இது ஊசியிலை இனத்துப் பெருமரம், இருநூற்றைம்பது அடிக்குமேல் உயரும்.) இறங்குவதற்கு அரிதான ஒரே ஒரு பள்ளத்தாக்கு மட்டும் தப்பியது. ரெட்வுட் ஓடை அதன் நடுவே ஓடுகிறது. அங்குள்ள மரங்களுள் பல, அறுநூறு முதல் எண்ணூறு ஆண்டு வயதுடையவை. நம் நாட்டில் பிற்காலச் சோழர் ஆட்சி முடிந்துகொண்டிருந்தபோது அவற்றுள் சில முளைவிட்டுக்கொண்டிருந்தன எனலாம்.

இப்பள்ளத்தாக்கைக் காக்க முதலில் குரல் எழுப்பியவர்கள் பெண்கள். 1904-இல் கலிபோர்னியா மன்றம் என்னும் மகளிர் அமைப்பு அதற்காக இயக்கம் நடத்தியது. மறு ஆண்டில் வில்லியம் கென்ட் என்னும் செல்வர் 611 ஏக்கர் நிலத்தை 45,000 டாலருக்கு வாங்கினார். கையில் அவ்வளவு பணம் இல்லை என்று மனைவி எலிசபெத் தயங்கியபோது, செல்வம் முழுவதையும் இழந்து இம்மரங்களை மட்டும் காப்பாற்றினாலும் அது நட்டமாகாது என்ற பொருளில் அவர் விடையிறுத்ததாகச் சொல்வர். 1906-இல் நிலநடுக்கமும் தீயும் சான் பிரான்சிஸ்கோவை அழித்தன. நகரை மீண்டும் கட்ட மரம் தேவை, தண்ணீரும் தேவை. 1907-ஆம் ஆண்டின் இறுதியில் ஒரு தண்ணீர் நிறுவனம் நீதிமன்றம் சென்றது. பொதுப் பயன் என்ற பெயரால் அப்பள்ளத்தாக்கில் 47 ஏக்கரைக் கட்டாயமாகக் கையகப்படுத்தி, மரங்களை வெட்டி விற்று, ஓடையை மறித்து நீர்த்தேக்கம் கட்டுவது அதன் திட்டம்.

கென்ட் செய்தது நுட்பமான செயல். மாநிலச் சட்டப்படி தனியார் நிலத்தை எடுக்கலாம். நடுவணரசின் நிலத்தை எடுக்க முடியாது. எனவே அவர் 295 ஏக்கரை நடுவணரசுக்கே தானமாக எழுதிக் கொடுத்தார். 1908 சனவரி 9-ஆம் நாள் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அதனைத் தேசிய நினைவிடமாக அறிவித்தார். தனியொருவர் தந்த நிலத்தில் அமைந்த முதல் தேசிய நினைவிடம் அதுவே. கென்ட் பெயரை அதற்கு இடலாம் என்று ரூஸ்வெல்ட் விரும்பினார். பெயரைக் காக்க எனக்கு ஐந்து ஆண்மக்கள் இருக்கிறார்கள் என்று கூறி அவர் மறுத்துவிட்டு, இயற்கை அறிஞர் ஜான் மியூரின் பெயரை வைக்கச் செய்தார். இன்றும் அது மியூர் வனம். 1945 மே 19-இல், ஐக்கிய நாடுகள் அவையை உருவாக்கக் கூடியிருந்த நாடுகளின் பேராளர்கள், சில வாரங்களுக்குமுன் மறைந்திருந்த பிராங்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு அஞ்சலி செலுத்தக் கூடியதும் இங்குதான். அவ்விடத்துக்குப் 'பேராலயத் தோப்பு' என்று பெயர். தூண்களுக்கிடையே நின்று மேலே நோக்குவோருக்கு அப்பெயரின் காரணம் விளங்கும்.

இவ்வளவோடு நிறுத்தினால் கென்ட் ஒரு புனிதராகிவிடுவார். நிறுத்தலாகாது. 1913-இல் அவர் நாடாளுமன்ற உறுப்பினர். சான் பிரான்சிஸ்கோவின் தண்ணீருக்காக யோசெமிட்டித் தேசியப் பூங்காவினுள் உள்ள ஹெச் ஹெச்சி என்னும் எழில்மிகு பள்ளத்தாக்கில் அணை கட்ட அனுமதிக்கும் சட்டம் வந்தபோது, அதனை ஆதரித்தவர்களுள் அவரும் ஒருவர். அப்பள்ளத்தாக்குக்காக ஆண்டுக்கணக்கில் போராடிய ஜான் மியூர் மனம் உடைந்து, மறு ஆண்டு டிசம்பரில் இறந்தார். தன் வீட்டருகே அணை வேண்டா என்று நிலத்தையே ஈந்தவர், தொலைவில் உள்ள பள்ளத்தாக்கு மூழ்கக் கையுயர்த்தினார். அதுமட்டுமன்று, ஆசிய மக்கள் கலிபோர்னியாவில் குடியேறுவதற்கு எதிராகவும் அவர் அரசியல் நடத்தினார். 2021-இல் மியூர் வன ஊழியர்கள், பழங்குடியினரையும் மகளிர் மன்றத்தையும் கென்ட்டின் இந்த நிழற்பக்கத்தையும் குறித்த செய்திகளை அங்கிருந்த வரலாற்றுப் பலகையில் சேர்த்தார்கள். 2025-இல் அவை அகற்றப்பட்டன. ஒரு காட்டைக் காத்தவரைப் பற்றி உண்மை பேசுவது அக்காட்டைக் காப்பதைவிடக் கடினம் போலும்.

காட்டின் கதைக்குத் திரும்புவோம். 1896 முதல் மலையுச்சிக்கு ஒரு தொடர்வண்டி ஓடியது. அதன் தண்டவாளத்தில் 281 வளைவுகள். உலகிலேயே மிகக் கோணலான இருப்புப் பாதை என்று விளம்பரம் செய்தார்கள். ஞாயிறுதோறும் நகரத்துத் தொழிலாளரும் எழுத்தரும் படகேறிக் கழியைக் கடந்து வந்து மலைமேல் நடந்தனர். 1912-இல் அந்நடையாளர்கள் தமல்பாயிஸ் பாதுகாப்புக் கழகத்தை நிறுவினர். குப்பை பொறுக்குவதும் பாதை செப்பனிடுவதும் வேட்டையைத் தடுப்பதும் அவர்களின் ஞாயிற்றுக்கிழமைப் பணி. அதே ஆண்டில் மரின் நகராட்சி நீர் வாரியம் அமைந்தது. மலையின் வடசாரலில் இன்று 18,000 ஏக்கருக்கு மேற்பட்ட காடு அவ்வாரியத்தின் நீர்பிடிப்பு நிலமாக உள்ளது. 1928-இல், இறப்பதற்குச் சற்று முன்னும் கென்ட் ஒரு பள்ளத்தாக்கைக் கொடையளித்தார். அவ்வாண்டிலேயே மாநிலப் பூங்காவும் உருவாயிற்று. இவ்வாறு நீர் வாரியம், மாநிலம், நடுவணரசு, மாவட்டம் என்று நான்கு உரிமையாளர்களின் கீழ் ஒரே மலை வந்து சேர்ந்தது. இருப்புப் பாதை 1930-இல் பெயர்த்தெடுக்கப்பட்டது.

இடையே ஒரு பெரிய ஆபத்து வந்து போயிற்று. 1960-களில் கடலை நோக்கிய குன்றுகளில் முப்பதாயிரம் பேருக்கான மரின்செல்லோ என்னும் புதிய நகரம் கட்ட ஒரு பெரும் எண்ணெய் நிறுவனத்தின் முதலீட்டோடு திட்டமிட்டார்கள். மாவட்ட நிர்வாகம் இசைந்தது, நுழைவாயிலும் கட்டினார்கள், சாலைக்கு மலையை வெட்டினார்கள். மக்கள் வழக்குத் தொடுத்துத் தடுத்தனர். 1972-இல் நிலம் கைமாறித் தேசியப் பொழுதுபோக்குப் பரப்பின் பகுதியாயிற்று. பெருவணிகத்தை வென்ற மக்கள் என்ற பெருமிதம் மரின் மக்களின் நெஞ்சில் இன்னும் சூடாக இருந்த நேரத்தில்தான், பணமும் பலமும் இல்லாத சில இளைஞர்கள் பழைய சைக்கிள்களோடு மலையேறினார்கள்.

1930-களிலும் 1940-களிலும் செய்த, தடித்த டயர் பூட்டிய ஷ்வின் மிதிவண்டிகள் பழைய பொருள் கடைகளில் சில டாலருக்குக் கிடைத்தன. அவற்றைத் தள்ளிக்கொண்டும் லாரியில் ஏற்றிக்கொண்டும் மேலே போய், தீயணைப்பு வண்டிகளுக்காக வெட்டிய மண் சாலைகளில் இறங்குவது அவர்களின் விளையாட்டு. தமல்பாயிசை அடுத்த பைன் மலையிலிருந்து ஃபேர்ஃபாக்ஸ் என்னும் சிற்றூரை நோக்கி ஒரு சாலை இறங்குகிறது. நீளம் ஏறத்தாழ 2 மைல். இறக்கம் 1,300 அடி. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பிடிக்கும் பழைய வகை பிரேக் அவ்வண்டிகளில் இருந்தது. ஒரே இறக்கத்தில் பின்சக்கரத்து ஹப் சூடேறி, உள்ளிருந்த கிரீஸ் புகைந்து வெளியேறிவிடும். கீழே வந்ததும் அதைப் பிரித்து மீண்டும் கிரீஸ் அடைக்கவேண்டும். ஆங்கிலத்தில் அச்செயலுக்குள்ள சொல்லையே சாலைக்குப் பெயராக்கி 'ரீபேக்' என்றார்கள். 1976 அக்டோபர் 21-இல் அங்கு முதற்பந்தயம் நடந்தது. விழாமல் இறுதிவரை வந்தவர் ஒருவரே, அவரே வென்றார்.

சார்லி கெல்லி, கேரி ஃபிஷர், ஜோ பிரீஸ் முதலிய அவ்விளைஞர்கள் கைவினைத் திறம் படைத்தவர்கள். 1977-இல் பிரீஸ் மலைக்கென்றே புதிய சட்டம் ஒன்றை வடித்தார். கெல்லியும் ஃபிஷரும் 1979-இல் சிறிய கடை தொடங்கி மலைமிதிவண்டி என்ற பெயரிலேயே விற்றார்கள். 1981-இல் ஒரு நிறுவனம் அதைத் தொழிற்சாலையில் பெருமளவில் செய்யத் தொடங்கியது. பத்தாண்டுக்குள் உலகெங்கும் பரவிவிட்டது. இன்று நம் நகரங்களில் சிறுவர்கள் ஓட்டும் தடித்த டயர் சைக்கிளின் மூதாதை அந்த ஃபேர்ஃபாக்ஸ் மலைச்சாலையில் பிறந்தது.

பத்துப் பேர் செய்தால் விளையாட்டு. பத்தாயிரம் பேர் செய்தால் அது வேறொன்று. இவ்வழக்கின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. தீத்தடுப்புச் சாலைகளோடு மனம் நிறையாதவர்கள் மரங்களுக்கிடையே நெளிந்தோடும் ஒற்றையடிப் பாதைகளுக்குள் புகுந்தார்கள். வளைவில் திடீரெனத் தோன்றும் வண்டியால் முதியோரும் குதிரையில் வருவோரும் அஞ்சினர். 1980-களில் நீர் வாரியம் ஒற்றையடிப் பாதைகளில் மிதிவண்டிக்குத் தடை விதித்தது. அகலச் சாலைகளில் மணிக்கு 15 மைல் என்று வேகவரம்பு வைத்தது. மலைக்காட்டில் வனக்காவலர் கையில் வேகம் அளக்கும் கருவி! நமக்குச் சிரிப்பு வரலாம். அங்கு அது சிரிப்பாக இல்லை. தடைக்கு விடையாகச் சிலர் இரவோடு இரவாகப் புதிய தடங்களைக் காட்டுக்குள் வெட்டினர். யாருக்கும் தெரியாமல், ஓடைகளைக் குறுக்கிட்டு, மரக்கன்றுகளைச் சாய்த்து வெட்டிய அத்தடங்கள் கண்டுபிடிக்கப்பட்டபோது, நடுநிலை வகித்தவர்களும் எதிர்ப்பாளர் பக்கம் சாய்ந்தார்கள்.

நாடளவிலும் இதே வினா எழுந்திருந்தது. 1964-ஆம் ஆண்டின் வன்காடுகள் சட்டம் மோட்டார் ஊர்திகளை மட்டுமன்றி ஏனைய 'இயந்திரப் போக்குவரத்து' எதனையும் அங்கு விலக்கியது. மிதிவண்டி இயந்திரமா? மனிதனின் காலே அதன் விசை அல்லவா? வனத்துறையின் பழைய விதி இதில் தெளிவின்றி இருந்தது. 1984-இல் மிதிவண்டியும் அடங்கும் என்று வெளிப்படையாக எழுதினார்கள். 1987-இல் தேசியப் பூங்காத் துறை ஒரு பொது விதி வகுத்தது: மிதிவண்டிக்கெனத் தனியே திறந்துவிடப்பட்ட தடங்களைத் தவிர ஏனைய எல்லாத் தடங்களும் அதற்கு மூடியவையே.

இவ்விதியை எதிர்த்து மரின் மிதிவண்டியாளர்கள் நீதிமன்றம் ஏறினர். அவர்களின் வாதம் எளிதில் ஒதுக்கத் தக்கதன்று. பொது நிலம் மக்களுடையது. தீங்கு மெய்ப்பிக்கப்பட்டால் மூடுங்கள், அதுவரை திறந்தே வையுங்கள் என்றார்கள். காப்பாளர் தரப்போ, தீங்கு இல்லை என்று தெளிந்தபின் திறப்போம், அதுவரை மூடியே இருக்கட்டும் என்றது. 1996-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் காப்பாளர் பக்கமே தீர்ப்பளித்தது. சட்ட நுணுக்கம் எனத் தோன்றும் இவ்வேறுபாட்டை நான் பலநாள் எண்ணிப் பார்த்ததுண்டு. மனிதருக்கிடையே என்றால் முதல் வாதமே நியாயம். குற்றம் மெய்ப்பிக்கப்படும்வரை எவரையும் தண்டிக்கலாகாது. ஆனால் எண்ணூறு ஆண்டு வளர்ந்த ஒன்றின்முன் அதே அளவுகோல் பொருந்துமா? தீங்கு மெய்ப்பிக்கப்படும் நாளில் காக்கவேண்டியது மீந்திருக்குமா?

தீங்கு எத்தகையது என்பதையும் சொல்லவேண்டும். சரிவான மலையில் தடம் ஒன்று விழுந்தால் மழைநீர் அதைக் கால்வாயாக்கிக்கொள்கிறது. டயர் பதிந்த பள்ளத்தில் ஓடும் நீர் மண்ணை அரித்து ஓடையில் சேர்க்கிறது. ரெட்வுட் ஓடையில் கோஹோ என்னும் சால்மன் மீன் உண்டு. கடலில் வளர்ந்து, குளிர்கால மழையில் தான் பிறந்த ஓடைக்கே திரும்பி, சரளைக் கற்களுக்கடியில் முட்டையிட்டு இறக்கும் மீன் அது. சரளையின் இடுக்கில் நீர் ஓடிக்கொண்டிருந்தால்தான் முட்டை மூச்சுவிடும். நுண்மண் படிந்து இடுக்கு அடைபட்டால் முட்டை அங்கேயே மடியும். அப்பகுதிக் கோஹோவை 1996-இல் அச்சுறுத்தலுக்கு உள்ளான இனமாகவும் 2005-இல் அழியும் நிலையில் உள்ள இனமாகவும் அரசு அறிவித்தது. 2014-இல் ரெட்வுட் ஓடையின் மீன்குஞ்சுகளைப் பிடித்துப் பண்ணையில் வளர்த்து, பெரிதானபின் திரும்ப விடும் நிலை வந்தது. அணைகளும் பண்ணைகளும் சாலைகளும் வறட்சியும் செய்த கேடு இது. மிதிவண்டி மட்டும் செய்ததன்று. ஆனால் சாகக் கிடப்பவரின் மார்பில் சிறு கல்லை வைப்பதும் தகாது.

மற்றொன்று சேறு. 1995-இல் இதே மலையடிவாரத்தில் மில் வேலி என்னும் ஊரில் கருவாலியை ஒத்த டான் ஓக் மரங்கள் காரணம் தெரியாமல் பட்டுப்போயின. 2000-இல் காரணி பிடிபட்டது: பூஞ்சையை ஒத்த நுண்ணுயிர் ஒன்று. 1840-களில் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்து, கத்தோலிக்க ஏழை மக்களை இலட்சக்கணக்கில் பட்டினியால் மாய்த்த நோயுயிரின் இனத்தைச் சேர்ந்தது அது. முக்கியமாக மழைத்துளியால் பரவுகிறது. ஈரச் சேற்றோடு ஒட்டிக்கொண்டு காலணியிலும் டயரிலும் பயணம் செய்யவும் வல்லது. நடப்பவர் ஒருநாளில் ஒரு பள்ளத்தாக்கைக் கடப்பார். மிதிவண்டியில் செல்பவர் மூன்று நான்கைக் கடப்பார். புதிய தடத்தின் ஓரமாகவே மஞ்சட்பூப் பூக்கும் அயல்நாட்டுப் புதர்களும் உட்காட்டுக்குள் நுழைகின்றன.

எதிர்த்தரப்புக்கும் உரியதை உரைப்பது கடன். 1994-இல் வெளியான மொன்டானா மாநிலத்து ஆய்வொன்று, ஈரமான பாதையில் குதிரைக் குளம்பும் மனிதப் பாதமும் பெயர்க்கும் மண் மிதிவண்டிச் சக்கரம் பெயர்ப்பதைவிட மிகுதி என்று கண்டது. அப்படியானால் குதிரையை விட்டுவிட்டு மிதிவண்டியை மட்டும் ஏன் விரட்டுகிறீர்கள் என்று இளைஞர்கள் கேட்பது முறையான கேள்வியே. மரினில் பரம்பரையாய் நடப்போர் பெரும்பாலும் வசதியுள்ள முதியோர்; மலையைத் தம் தோட்டமாகக் கருதும் மனப்பான்மை அவர்களுள் சிலரிடம் உண்டு என்ற குற்றச்சாட்டும் பொய்யன்று. கென்ட்டிடமிருந்தே அது வழிவழி வந்திருக்கலாம். பாதையைச் செப்பனிட விடுமுறை நாளில் மண்வெட்டி ஏந்தும் மிதிவண்டியாளர்களும் பலர் உள்ளனர். காட்டை வெறுத்து அவர்கள் உள்ளே வரவில்லை, காதலித்தே வருகிறார்கள்.

ஆயினும் என் எரிச்சல் கரைந்தது இவ்விடத்தில்தான். புதுக்கோட்டைப் பெண்ணின் மிதிவண்டி அவளைக் கிணற்றுக்கும் வேலைக்கும் மருத்துவமனைக்கும் கொண்டுபோயிற்று. அவளுக்குப் பாதை மறுப்பது அநீதி. தமல்பாயிஸ் மலையில் தீத்தடுப்புச் சாலைகள் பல மைல் நீளத்துக்கு மிதிவண்டிக்குத் திறந்தே உள்ளன. எவரும் அங்கு வேலைக்குப் போகும் வழியை இழக்கவில்லை. வேண்டப்படுவது மேலும் ஒரு கிளர்ச்சி, மேலும் ஒரு வளைவு. கொடுக்கவேண்டியதோ இன்னும் துண்டாடப்படாத காட்டின் ஒரு பகுதி. மீன் நீதிமன்றத்துக்கு வராது. புள்ளி ஆந்தை மனுக் கொடுக்காது. 1907-இல் தண்ணீர் நிறுவனமும் பொதுப் பயன் என்றுதான் சொன்னது. அது பேராசை, இது விளையாட்டு என்னும் வேறுபாடு நமக்குப் பெரிது. வெட்டப்படும் வேருக்கு அன்று.

வழக்கு முடிந்தபாடில்லை. 2016-இல் வன்காடுகளில் மிதிவண்டிக்கு இடமளிக்கும் மசோதா அமெரிக்க மேலவையில் முன்வைக்கப்பட்டது, அது சட்டமாகவில்லை. மின்விசை மிதிவண்டிகள் வந்தபின் செங்குத்தான ஏற்றமும் எளிதாயிற்று. முன்பு மூச்சிரைப்பு வகுத்த எல்லை மறைந்தது. 2024-இல் மரின் நீர் வாரியம், நெடுங்காலத் தடையைத் தளர்த்தி, சில ஒற்றையடிப் பாதைகளைச் சோதனை முறையில் மிதிவண்டிக்குத் திறக்கத் தீர்மானித்தது. இயற்கைப் பாதுகாப்பு அமைப்புகள் உடனே நீதிமன்றத்தை நாடின. தாத்தா காலத்துச் சண்டையைப் பேரர்கள் தொடர்கிறார்கள்.

2015-இல் ஃபேர்ஃபாக்ஸ் ஊரின் நடுவே மிதிவண்டி அருங்காட்சியகம் ஒன்று திறக்கப்பட்டது. ரீபேக் சாலையில் உருண்ட பழைய வண்டிகளின் வரலாறு அங்குப் போற்றப்படுகிறது. மரின்செல்லோ நகருக்காக மலையை வெட்டிப் போட்ட சாலை இன்றும் இருக்கிறது. வீடுகள் எழவில்லை, புல் மூடிவிட்டது. மிதிவண்டிக்கு அது தடையின்றித் திறந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் இளைஞர்கள் அதில் மூச்சிரைக்க ஏறுகிறார்கள்.